வளைவில் நம்பத்தக்க ஐரோப்பிய செடான் எது? 3 சீரிஸ், சி கிளாஸ், ஏ4, ஜூலியா

பதிவு 1: பொங்கோல்வாசி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழ் (சி.ஓ.இ.) எங்கள் வீட்டுக் காருக்கு முடியும் காலம் நெருங்கிவிட்டது. அடுத்து ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றைப் பழைய வண்டியாகவே வாங்கலாம் என்று எண்ணுகிறேன். பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஆகிய நான்கையும் மனத்தில் வைத்திருக்கிறேன்.

நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் எட்டும் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். விரைவுச்சாலையிலேயே மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத ஊரில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இந்த நான்கும் வளைவில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு அடியில் இருக்கும் பொறியியல் காரணம் என்ன, அந்த வேறுபாடு நம் சாலைகளில், நம் வேகத்தில் உண்மையாகவே கைக்குத் தெரியுமா என்பதே என் கேள்வி. விவரம் அறிந்த மூத்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2: அச்சாணி

தம்பி, தெரியும் என்பதே என் பதில். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஐம்பது மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றில் மணிக்கு 50 கிலோமீட்டரில் சென்றால், பக்கவாட்டு முடுக்கம் ஏறத்தாழ 0.4 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.4 பங்கு வரும். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் சுற்றுப்பாதைகளில் இப்படிப்பட்ட வளைவுகள் உண்டு. நல்ல டயர் காய்ந்த சாலையில் 1 ஜி அளவுக்குப் பிடித்துக்கொள்ளும் என்பதால், அதன் எல்லையை நாம் தொடுவதே இல்லை. ஆனால் வண்டி சாயத் தொடங்குவதும், முன்சக்கரம் திரும்பியதற்கும் பின்பகுதி அதைப் பின்தொடர்வதற்கும் இடையிலுள்ள நேரமும், ஸ்டியரிங்கில் கனம் ஏறும் விதமும் இந்த 0.2-க்கும் 0.4-க்கும் இடைப்பட்ட பகுதியில்தான் நிகழ்கின்றன. ஆகவே ஒரு செடானின் குணத்தை அறியப் பந்தயத் தடத்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை.

அந்தக் குணத்தில் பாதி, கனமான பொருள்கள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. பி.எம்.டபிள்யூ எஞ்சினை நீளவாக்கில், பெரும்பகுதி முன் அச்சுக்குப் பின்னால் வருமாறு வைத்து, பின்சக்கரங்களை இயக்குகிறது. முன் அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி குறைவு. எடையும் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிகிறது. ஆடி நெடுங்காலம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. எஞ்சினும் நீளவாக்கில்தான் இருக்கும், ஆனால் முன் அச்சைத் தாண்டி முன்னால் தொங்கும். முன்சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு விசையைப் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி) கிளட்ச்சுக்குப் பின்னால் கியர்பெட்டியோடு சேர்ந்திருந்ததால் அச்சை அதற்கு மேல் முன்னே தள்ள வழியில்லை. இதனால் மூக்கு கனத்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகே திரும்பியது. 2007-இல் வந்த ஏ5-இலும், அதைத் தொடர்ந்த பி8 தலைமுறை ஏ4-இலும் டிஃபரென்ஷியலைக் கிளட்ச்சுக்கு முன்னால் கொண்டுவந்து, முன் அச்சை 154 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தினார்கள். ஒரு சாணுக்கும் குறைவான நகர்வுதான். எனினும் முந்தைய தலைமுறையான பி7 ஏ4-ஐயும் பி8 ஏ4-ஐயும் ஒரே நாளில் ஓட்டிப் பார்ப்பவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

மற்றப் பாதி சஸ்பென்ஷன் வடிவத்தில் இருக்கிறது. இ30 தலைமுறை 3 சீரிஸில் பின்சக்கரத்தைச் சாய்வான கீலில் அமைந்த ஒற்றைக் கை தாங்கியது. சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அதன் சாய்வும் அது நோக்கும் திசையும் சேர்ந்து மாறும். நனைந்த வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பகுதி வெளியே நழுவ வந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். 1990-இல் இ36-க்குப் பல இணைப்புகள் கொண்ட பின் அச்சு வந்ததும் அந்த அச்சம் பெரும்பாலும் நீங்கியது. இன்று உங்கள் பட்டியலிலுள்ள நான்கு வண்டிகளின் பின்பகுதியும் இந்த வழியில் அமைந்ததுதான். ஆகவே இன்றைய வேறுபாட்டை முன் அச்சில் தேடுங்கள்.

பதிவு 3: மழைச்சாலை

அச்சாணி அண்ணன் சொன்ன 154 மில்லிமீட்டர் கணக்கை ஏற்கிறேன். ஆனால் இந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். மாலை மழையில் ஒரு கிளைச்சாலையிலிருந்து விரைவுச்சாலையில் நுழையும்போது, பக்கவாட்டிலும் முன்னோக்கியும் ஒரே நேரத்தில் பிடிப்பு தேவைப்படுகிறது. பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் அந்த வேலையைச் செய்யும் வண்டியில் மின்னணுக் கட்டுப்பாடு அடிக்கடி குறுக்கிட்டு எஞ்சினை அடக்குவதைப் பார்க்கலாம். ஆடியின் நான்கு சக்கர இயக்கமான குவாட்ரோவில் அந்த வேலை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிடப்படுகிறது.

குவாட்ரோ என்ற பெயருக்குள் வெவ்வேறு பொறிகள் இருக்கின்றன என்பதையும் பொங்கோல்வாசி கவனிக்க வேண்டும். பி7 தலைமுறை ஏ4-இன் அதிவேக வகையான ஆர்எஸ்4-இல் இருந்தது முறுக்கு விசையை உணர்ந்து தானாகப் பூட்டிக்கொள்ளும் நடு டிஃபரென்ஷியல். இயல்பு நிலையில் முன்னுக்கு 40, பின்னுக்கு 60 என்ற விகிதத்தில் பிரிக்கும். அதற்குக் கணினியின் அனுமதி தேவையில்லை. பற்சக்கரங்களின் உராய்வே முடிவு செய்யும். அந்த வண்டியிலேயே எதிரெதிர் மூலைகளில் உள்ள, சஸ்பென்ஷனின் குலுக்கலை அடக்கும் அப்சார்பர்களை எண்ணெய்க் குழாய்களால் இணைத்து, நடுவில் வால்வு வைத்து, வண்டி சாய்வதையும் குனிவதையும் மின்னணு உதவி சிறிதும் இன்றிக் கட்டுப்படுத்தினார்கள். 4.2 லிட்டர் வி8 எஞ்சின் மூக்கில் உட்கார்ந்திருந்தும் அது அப்படி வளைந்து சென்றது என்றால், எடையின் இடம் மட்டுமே விதியை எழுதிவிடுவதில்லை என்றுதானே பொருள்?

2016-க்குப் பிறகு ஏ4-இல் வந்த குவாட்ரோ அல்ட்ரா வேறு வகை. தேவையில்லாத நேரத்தில் கிளட்ச்சைத் திறந்து பின்பகுதியைத் துண்டித்து எரிபொருளைச் சேமிக்கும். மழையில் அது பயன் தருகிறது. வளைவில் பழைய குவாட்ரோவின் உணர்வை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். முன்சக்கர இயக்கம் மட்டுமே உள்ள ஏ4-களும் விற்பனைக்கு வருவதால், பின்புறத்தில் குவாட்ரோ எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

பதிவு 4: அச்சாணி

மழைச்சாலை சொன்னதில் முக்கியமான ஒன்றை மறுக்கிறேன். நான்கு சக்கர இயக்கம் வளைவிலிருந்து வெளியேறும்போது உதவும். வளைவுக்குள் நுழையும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சினின் இழுவிசை எந்தச் சக்கரத்துக்கும் பெரிதாகப் போவதில்லை; அங்கே டயரும் எடையும் சஸ்பென்ஷனும்தான் பேசும். மழையில் பெரும்பாலும் சறுக்கல் நேர்வது நுழைவில்தான். முடுக்கும்போது கிடைக்கும் பிடிப்பை நம்பி, அதே துணிச்சலோடு அடுத்த வளைவில் நுழைபவரைக் குவாட்ரோவால் காப்பாற்ற இயலாது.

ஆர்எஸ்4 பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. அந்தக் குழாய் இணைப்புகளும் வால்வும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணெய் கசியாமல் இருக்கின்றனவா என்று பார்க்காமல் எவரும் அதை வாங்கக் கூடாது.

பதிவு 5: நட்சத்திர நேசன்

இதுவரை மெர்சிடிஸைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் இப்போது பயன்படுத்தும் பின் அச்சின் வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1982-இன் இறுதியில் வெளிவந்த 190 செடானில், ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்திருந்தன. ஏன் ஐந்து என்று கேட்பவர்களுக்கு எளிய விடை உண்டு. தன் போக்கில் விடப்பட்ட எந்தப் பொருளும் ஆறு வழிகளில் அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். இரு முனைகளிலும் மூட்டு உள்ள ஒரு கை அவற்றில் ஒரு வழியை அடைக்கிறது. ஐந்து கைகள் ஐந்து வழிகளை அடைத்துவிட்டால், மேலும் கீழும் போகும் ஒரே ஒரு வழி மட்டும் எஞ்சுகிறது. அந்தப் பாதையில் போகும்போது சக்கரம் எவ்வளவு சாய வேண்டும், எந்தப் பக்கம் நோக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கையின் நீளத்தையும் மாற்றிப் பொறியாளரே தீர்மானிக்கலாம். ஒற்றைக் கை அமைப்பில் ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். இங்கே ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் பெருமளவு தளர்ந்துவிட்டது.

எஞ்சின் நிறுவனமான காஸ்வொர்த்தின் உதவியோடு உருவான அந்த வண்டியின் அதிவேக வகை 190இ 2.3-16, 1983 ஆகஸ்ட்டில் இத்தாலியின் நார்தோ தடத்தில் 50,000 கிலோமீட்டரைச் சராசரியாக மணிக்கு 247.9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக் கடந்தது. 1984 மே 12-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் புதிய பந்தயத் தடம் திறக்கப்பட்டபோது, ஒரே மாதிரியான 190இ வண்டிகளில் புகழ்பெற்ற ஓட்டுநர்கள் போட்டியிட்டார்கள். இளைஞராக இருந்த அயர்டன் சென்னா முதலிலும் நிக்கி லாடா இரண்டாவதாகவும் வந்தார்கள். நான் இதைச் சொல்வதற்கு வேறொரு காரணம் உண்டு. 190-இல் இருந்தது, பற்சக்கரம் ஒரு பல்வரிசைச் சட்டத்தை நகர்த்தித் திருப்பும் பற்சட்ட ஸ்டியரிங் அன்று. உருளும் குண்டுகள் கொண்ட பழைய வகை ஸ்டியரிங் பெட்டி. பலரால் இன்றும் கொண்டாடப்படும் 1998-ஆம் ஆண்டின் இ39 எம்5-இலும், அதாவது பி.எம்.டபிள்யூ 5 சீரிஸின் அதிவேக வகையிலும், அதே வகைதான். ஆறு சிலிண்டர் 5 சீரிஸில் இருந்த பற்சட்டம் வி8 எஞ்சினின் அருகே பொருந்த இடமில்லை. ஆகவே ஸ்டியரிங்கின் வகையை மட்டும் பார்த்து ஒரு வண்டியை ஒதுக்குவது முறையன்று.

பொங்கோல்வாசிக்கு நான் சொல்வது டபிள்யூ205, அதாவது 2014-இல் வந்த சி கிளாஸ். முன்பக்கம் நான்கு இணைப்புகள், பின்பக்கம் அதே ஐந்து. 3 சீரிஸ் போலக் கூர்மையாக முதல் அங்குலத்திலேயே திரும்பாது. ஆனால் மேம்பாலங்களின் இணைப்புப் பட்டைகளையும் குடியிருப்புப் பேட்டைகளின் சாலை மேடுகளையும் அது கடக்கும் நிதானம், மற்ற மூன்றுக்கும் கிடையாது என்பது என் முடிவு. காற்றழுத்த சஸ்பென்ஷன் உள்ளதை மட்டும், பராமரிப்புச் செலவை எண்ணி, தவிர்த்துவிடுங்கள்.

பதிவு 6: பொங்கோல்வாசி

மூவருக்கும் நன்றி. ஐந்து கைகளின் கணக்கை இவ்வளவு தெளிவாக நான் இதுவரை படித்ததில்லை.

ஒரு துணைக் கேள்வி. மின்விசை ஸ்டியரிங் வந்த பிறகு உணர்வே போய்விட்டது என்று எங்கும் எழுதுகிறார்கள். எஃப்30 தலைமுறை 3 சீரிஸை அதற்காகவே பலர் குறை சொல்கிறார்கள். ஜூலியாவிலும் மின்விசை ஸ்டியரிங்தான். ஆனால் அதைப் புகழ்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும்?

பதிவு 7: மிலானோ

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஸ்டியரிங்கில் நாம் உணர்வு என்று சொல்வது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். டயர் வளைவில் பக்கவாட்டு விசையை உண்டாக்கும்போது, அந்த விசை, டயர் தரையைத் தொடும் பகுதியான தரைத்தடத்தின் நடுவில் செயல்படுவதில்லை. சற்றுப் பின்னால் செயல்படுகிறது. அந்தச் சிறு இடைவெளியே சக்கரத்தை நேராகத் திருப்பிவிட முயலும் முறுக்கைத் தருகிறது. நம் கை உணர்வது அந்த முறுக்கை. டயர் தன் எல்லையை நெருங்கும்போது, பக்கவாட்டு விசை உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே இந்த இடைவெளி சுருங்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்டியரிங் இலேசாகிறது. பிடிப்பு தீர்ந்துவிடும் முன்னரே கிடைக்கும் எச்சரிக்கை அதுதான். மழை நாளில் அதன் அருமை தெரியும்.

இந்தச் செய்தி கைக்கு வந்து சேருமா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, வடிவியல். திருப்பும் அச்சை மிகவும் பின்னோக்கிச் சாய்த்துவிட்டால், நேர்நிலைக்குத் திரும்பும் விசையில் பெரும்பங்கு அந்தச் சாய்விலிருந்தே வரும். டயர் தரும் மெல்லிய செய்தி அதில் அமுங்கிவிடும். அத்தகைய வண்டி நேர்ச்சாலையில் அசையாமல் செல்லும், வளைவில் ஊமையாக இருக்கும். மற்றொன்று, இடையிலுள்ள உராய்வும் மோட்டாரின் நிலைமமும். எண்ணெய் அழுத்த ஸ்டியரிங்கில் பம்பு இருந்தாலும், பற்சட்டத்திலிருந்து வரும் அதிர்வு ஓரளவு கைவரை எட்டியது. மின் மோட்டாரில் சுழலும் பகுதியின் நிலைமம் அந்த அதிர்வை விழுங்குகிறது. மென்பொருள் எவ்வளவு உதவி தர வேண்டும் என்று தானே முடிவு செய்கிறது. 2011-இல் எஃப்30 வந்தபோது அந்த மென்பொருள் கலை முதிர்ந்திருக்கவில்லை என்பது என் கருத்து. பின்னால் வந்த ஜி20-இல் நிலைமை நிச்சயமாக மேம்பட்டிருக்கிறது.

இனி ஜூலியா. 2015 ஜூன் 24 அன்று அறிமுகமான இந்த வண்டியின் அடித்தளத்தை, ஏற்கெனவே இருந்த எதையும் திருத்தாமல், ஃபிலிப் க்ரீஃப் தலைமையில் புதிதாகவே வடிவமைத்தார்கள். 3 சீரிஸின் முன்பக்கத்தில் அப்சார்பரே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே வெளியே சாய முற்படுவதை அந்த அமைப்பால் முழுமையாகத் தடுக்க இயலாது. பி.எம்.டபிள்யூ கீழே இரண்டு தனிக் கைகளை வைத்தும், சாய்வைக் குறைக்கும் கெட்டியான ஆன்டி-ரோல் பார் போட்டும் அதை மிகத் திறமையாகச் சமாளிக்கிறது. ஜூலியாவிலோ மேலும் கீழும் தனித்தனிக் கைகள் கொண்ட இரட்டை விஷ்போன் அமைப்பு. வண்டி சாயச் சாய, வெளிச்சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து தரையில் சமமாக நிற்கிறது. அப்சார்பரின் தண்டு பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டியதில்லை என்பதால், சிறிய மேடுகளில்கூட அது தடையின்றி அசைகிறது. இதன் விளைவாக, சாய்வைத் தடுக்க வண்டியைக் கடினமாக்க வேண்டிய தேவையும் குறைகிறது.

ஸ்டியரிங் விகிதம் 11.8-க்கு 1. அதாவது கையில் 11.8 பாகை திருப்பினால் சக்கரம் 1 பாகை திரும்பும். இவ்வளவு விரைவான ஸ்டியரிங்கை எந்த வண்டியிலும் பொருத்திவிட முடியாது. பின்பகுதி உடனே பின்தொடரும் உறுதி இல்லையென்றால் வண்டி பதற்றமாகவே இருக்கும். முன்பின் எடை சரிபாதி, கார்பன் இழை இயக்கத்தண்டு, அலுமினிய சஸ்பென்ஷன் உறுப்புகள் ஆகியவை சேர்ந்து அந்த விகிதத்தைத் தாங்குகின்றன. இந்த மரபு ஆல்ஃபாவுக்குப் புதிதன்று. 1972-இன் ஆல்ஃபெட்டாவிலும் 1985-இன் 75-இலும் கிளட்ச்சையும் கியர்பெட்டியையும் பின் அச்சருகே கொண்டுபோய் வைத்து எடையைச் சமப்படுத்தியவர்கள் அவர்கள்.

ஆகவே பொங்கோல்வாசியின் கேள்விக்கு என் விடை: மின் மோட்டார் செய்தியைக் குறைக்கிறது என்பது மெய். ஆனால் முன் அச்சு முதலில் தெளிவான செய்தியை அனுப்புகிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பதிவு 8: மழைச்சாலை

மிலானோ சொன்ன இலேசாகும் எச்சரிக்கையைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஜூலியாவின் அதிவேக வகையான குவாட்ரிஃபோலியோவை வாங்கச் சொல்வீர்களா? 510 குதிரைத்திறன், இரு கிளட்ச்சுகள் கொண்டு பின்சக்கரங்களுக்கிடையே விசையைப் பங்கிடும் டிஃபரென்ஷியல், நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 32 விநாடி. பொறியியலின் உச்சம் அங்கேதானே இருக்கிறது?

பதிவு 9: அச்சாணி

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல அனுமதியுங்கள். வேண்டாம் என்பேன். பணத்துக்காகச் சொல்லவில்லை. பெரிய எஞ்சினுக்குச் சாலை வரியும், பத்தாண்டைத் தாண்டிய வண்டிக்கு அதன் மேல் கூடுதல் வரியும் எல்லோரும் அறிந்தவை, அவை தனிக்கதை. நான் சொல்வது வண்டி கையில் தரும் அனுபவத்தைப் பற்றியது.

1986-இல் வந்த, 3 சீரிஸின் அதிவேக வகையான இ30 எம்3 சுமார் 1,200 கிலோ எடையுடையது. அதன் டயர் 205 மில்லிமீட்டர் அகலம். இன்றைய ஜி80 எம்3 போட்டி வகை 1,700 கிலோவுக்கு மேல். முன்டயர் 275 மில்லிமீட்டர். சி கிளாஸின் அதிவேக வகையான புதிய சி63 எஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினோடு பின் அச்சில் மின் மோட்டாரையும் மின்கலத்தையும் சேர்த்து 680 குதிரைத்திறனைத் தருகிறது. எடை 2,100 கிலோவைத் தாண்டிவிட்டது. இவற்றை வடிவமைத்தவர்களின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இவ்வளவு கனத்தை அந்த வேகத்தில் வளைவில் நிறுத்திவைப்பது பெரிய சாதனை. சில வண்டிகளில் பின்சக்கரங்களைத் திருப்பியும், சக்கரங்களுக்கிடையே விசையைப் பங்கிட்டும் அதைச் செய்கிறார்கள்.

ஆனால் அந்த அகன்ற டயர், நான் முதலில் சொன்ன 0.4 ஜி-யில் தன் வலிமையில் சிறு பங்கையே செலவிடுகிறது. தரைத்தடம் அகன்று, பக்கச்சுவர் தாழ்ந்து, சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்கள் கெட்டியாகிவிட்ட நிலையில், வண்டி பேசத் தொடங்கும் வேகம் நம் சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்கு மேலே போய்விடுகிறது. மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தின் 5.543 கிலோமீட்டரில் வாரயிறுதியைக் கழிப்பவருக்கு அது பொருந்தும். பொங்கோலிலிருந்து புக்கிட் தீமாவுக்கு வேலைக்குப் போகிறவர், அந்த வண்டியில் ஆண்டு முழுவதும் ஊமையான பகுதியையே ஓட்டிக்கொண்டிருப்பார்.

அதே அடித்தளத்தின் எளிய வகையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு லிட்டர் ஜூலியா, 3 சீரிஸின் பழைய தலைமுறையான ஆறு சிலிண்டர் இ90 330ஐ, ஜி20 330ஐ ஆகியவற்றில் வடிவியல் அதேதான். எடை குறைவு, டயர் குறுகல். பதினெட்டு அங்குலச் சக்கரம் போதும். பத்தொன்பதுக்குப் போனால் அழகு கூடும், உணர்வு குறையும்.

பதிவு 10: நட்சத்திர நேசன்

அச்சாணி அண்ணனின் எடை வாதத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மின்கலம் கொண்ட வண்டிகளில் எடை தரையை ஒட்டி இருப்பதால் சாய்வு குறைகிறது என்று விற்பனையாளர்கள் சொல்வது உண்மை. ஆனால் திசை திருப்ப வேண்டிய மொத்த எடை அதனால் குறைந்துவிடுவதில்லை. சாய்வும் எடையும் வேறு வேறு.

பதிவு 11: பொங்கோல்வாசி

பட்டியல் இப்போது ஜூலியா 2.0, இ90 330ஐ என்ற இரண்டாகச் சுருங்கிவிட்டது. சி கிளாஸை விட வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் முன் அச்சின் தெளிவையே நான் பெரிதாக மதிக்கிறேன் என்று இந்த உரையாடலால் புரிந்தது. பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? பழைய அப்பர் தாம்சன் சாலையில் ஓட்டிப் பார்க்கலாமா?

பதிவு 12: மிலானோ

1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ கார் பந்தயம் நடந்த சாலை என்பதால் பலருக்கும் அந்த ஆசை வருகிறது. இன்று அது காட்டை ஒட்டிய ஒருவழிச் சாலை. நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் குரங்குகளும் இருக்கும் இடம். மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டியைச் சோதிக்க அது இடமன்று.

ஜூலியாவைப் பற்றி ஒன்று: வலப்பக்க ஸ்டியரிங் உள்ளவற்றில் கைமுறைக் கியர் வரவில்லை. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எட்டுக் கட்டத் தானியங்கிக் கியர்பெட்டி நன்றாகவே இருக்கிறது. பிரேக் மிதியில் நேரடி எண்ணெய் இணைப்பு இல்லாமல் மின்சாரம் வழியே செயல்படுவதால், தொடக்கத்தில் அழுத்தம் பழக்கமில்லாததுபோல் தோன்றும். பல மாடி நிறுத்துமிடத்தில் மெதுவாக இறங்கி ஏறிப் பார்த்தால் காலுக்குப் பிடிபட்டுவிடும்.

பதிவு 13: அச்சாணி

இ90-க்கு நான் சொல்கிறேன். இந்த ஊர் வெயிலில் முதலில் சாவது ரப்பர். முன்பக்கம் கீழே உள்ள இரு கைகளில், பிரேக் விசையைத் தாங்கும் கையின் புஷ்ஷில் எண்ணெய் நிரம்பிய ரப்பர் இருக்கிறது. அது வெடித்துவிட்டால், விரைவுச்சாலையில் 80, 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் இடமும் வலமும் நடுங்கும். பலர் அதைப் பிரேக் தட்டின் குறை என்று எண்ணித் தட்டை மாற்றிவிட்டு அதே நடுக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். வண்டியைத் தூக்கி, புஷ்ஷைச் சுற்றி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள்.

அடுத்து டயர். எம் வகை அல்லாத இ90-கள் காற்றில்லாமலும் ஓடும் கெட்டியான பக்கச்சுவர் டயர்களோடு வந்தன. அந்தத் தலைமுறையின் சஸ்பென்ஷன் முரட்டுத்தனமானது என்ற பெயர் பெரும்பாலும் அந்த டயர்களால் வந்தது. சாதாரண டயர் போட்ட ஒரு வண்டி உங்களுக்குக் கிடைத்தால், சாலை மேடுகளில் வேறு வண்டி போலவே இருக்கும். மாற்று டயர் வைக்க இடம் இல்லாததால், ஓட்டை அடைக்கும் திரவமும் சிறிய காற்றுப் பம்பும் பின்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தீவின் தொலைவுகளுக்கு அது போதும். மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போகிறவர் மட்டும் இருமுறை யோசிக்கட்டும்.

அப்சார்பர் பழையதா என்பதை மேம்பாலத்து இணைப்புப் பட்டையில் அறியலாம். பட்டையைத் தாண்டியதும் ஒரே அசைவில் வண்டி அமைதியாக வேண்டும். இரண்டாவது முறை எழுந்து தாழ்ந்தால், விலையிலிருந்து நான்கு அப்சார்பர்களின் தொகையைக் கழித்துப் பேசுங்கள்.

கடைசியாக, விற்பவரிடம் அனுமதி வாங்கி, வாங்குவதற்கு முன்பே சக்கரங்களின் கோணங்களை அளக்கும் அலைன்மென்ட் ஒன்றை எடுத்து, அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்சக்கர எண்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்சக்கரங்களின் உள்நோக்கு அளவை, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு எவ்வளவு உள்ளே திரும்பியிருக்கிறது என்பதைப் பாருங்கள். இடமும் வலமும் அது வேறுபட்டு, சரிசெய்யும் திருகுகளைத் திருப்பியும் சமமாக வரவில்லை என்றால், வண்டி எங்கோ பலமாக இடித்திருக்கிறது அல்லது ஐந்து கைகளில் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது. அந்தத் தாளை இங்கே பதிவிட்டால் எண்களை நானே படித்துச் சொல்கிறேன்.